கோக்கோ விவசாயியும் மாறும் வானிலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024-ல் கோக்கோ விலை எகிறியதிலிருந்து, வீட்டில் சாக்லேட் செய்து விற்கும் தோழிகள், தென்னந்தோப்பில் ஊடுபயிராகக் கோக்கோ வைத்திருப்பவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று பலரும் சுற்றிச் சுற்றிக் கேட்பவை இவைதான். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். சுலபமானவை முதலில், சிக்கலானவை பின்னால்.

கோக்கோ தென்னமெரிக்காவில்தானே விளையுது? நீங்க ஏன் எப்பவும் ஆப்பிரிக்காவையே பேசுறீங்க?

மரத்தின் பூர்வீகம் அமேசான் படுகைதான். ஆனால் இன்று உலகக் கோக்கோவில் பாதிக்கும் மேல் மேற்கு ஆப்பிரிக்காவின் இரண்டு நாடுகளிலிருந்து வருகிறது: ஐவரி கோஸ்ட், கானா. ஆப்பிரிக்காவில் அவற்றுக்கு அடுத்து நைஜீரியா, கேமரூன். தென்னமெரிக்காவில் எக்குவடோர் வேகமாக மேலே வந்துகொண்டிருக்கிறது.

கானாவுக்குக் கோக்கோவைக் கொண்டுவந்தவராகச் சொல்லப்படுபவர் டெட்டே குவார்ஷி என்ற கொல்லர். பெர்னாண்டோ போ தீவிலிருந்து 1879-ல் விதை கொண்டுவந்து நட்டார். அடுத்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் அந்த நாடு உலகின் முதல் உற்பத்தியாளர் ஆகிவிட்டது. எழுபதுகளின் பிற்பகுதியில் ஐவரி கோஸ்ட் அதை முந்தியது. இந்த இரண்டு நாடுகளில் மழை தப்பினால் உலகம் முழுக்க விலை ஆடும். அதனால்தான் அவற்றையே பேசுகிறேன்.

நம்ம ஊர் தேயிலை மாதிரி பெரிய எஸ்டேட்தானே இதெல்லாம்?

இல்லை. உலகக் கோக்கோவில் பெரும்பங்கு சிறு விவசாயிகளுடையது. மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு குடும்பத்துக்கு இரண்டிலிருந்து ஐந்து ஹெக்டேர் இருக்கும். காய் வெட்டுவது, உடைப்பது, வாழையிலை போட்டு மூடிப் புளிக்கவைப்பது, பாயில் பரப்பிக் காயவைப்பது எல்லாம் குடும்பமே செய்கிறது.

மகசூல் ஹெக்டேருக்கு 300 முதல் 500 கிலோ உலர்ந்த கொட்டை. மரங்கள் வயதானவை, உரம் குறைவு. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வருமானக் கணக்கில் தேவைப்படும்.

வெயில் நாட்டு மரம்தானே? இன்னும் கொஞ்சம் சூடு ஏறினா அதுக்கென்ன?

அது காட்டுக்குள் பெரிய மரங்களின் நிழலில் வளர்ந்த மரம். நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் சுமார் 20 பாகைக்குள்தான் விளையும். ஆண்டுக்கு 1,500 முதல் 2,000 மில்லிமீட்டர் மழை வேண்டும். 100 மில்லிமீட்டருக்குக் குறைவாகப் பெய்யும் மாதங்கள் தொடர்ந்து மூன்றுக்கு மேல் போகக் கூடாது. பகல் வெப்பம் 32 பாகை செல்சியஸைத் தாண்டினால் சிரமப்பட ஆரம்பிக்கும்.

காரணம் தண்ணீர். சூடு ஏறினால் காற்று இலையிலிருந்தும் மண்ணிலிருந்தும் ஈரத்தை அதிகமாக உறிஞ்சும். மரம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். அதோடு உணவு தயாரிப்பும் நின்றுபோகும். ஆகவே மழை ஒரு சொட்டுக்கூடக் குறையாமல், வெப்பம் மட்டும் ஏறினாலும் மரத்துக்கு அது வறட்சிதான். முதலில் உதிர்வது பிஞ்சுகள். காய் முற்ற ஐந்தாறு மாதம் ஆவதால், பிப்ரவரியில் கருகிய பிஞ்சின் நஷ்டம் கோடை கழிந்த பிறகுதான் விவசாயியின் கையில் தெரியும்.

சரி, அப்போ மழை கூடினா நல்லதுதானே?

2023-ல் மழை கூடியது. ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும் வழக்கத்தை விட மிக அதிகமாகக் கொட்டியது. அதில் என்ன கெட்டுப்போயிற்று என்று வரிசையாகச் சொல்கிறேன். பலரும் வறட்சியை மட்டுமே நினைக்கிறார்கள்.

பூக்கள் உதிர்ந்தன. கோக்கோப் பூ தண்டிலேயே பூக்கும் சின்னஞ்சிறு பூ. கொசுவை விடச் சிறிய ஒரு பூச்சிதான் அதற்கு மகரந்தம் சேர்க்கிறது. சாதாரண ஆண்டிலேயே நூறு பூவில் சில மட்டும்தான் காயாகும். அடுத்து, காய் கறுத்து அழுகும் நோய். ஈரம் காயாத தோட்டத்தில் அது ஒரு காயிலிருந்து அடுத்த காய்க்குத் தாவும். மருந்து தெளித்தால் மறுநாள் மழை கழுவிவிடும். தப்பி வந்த காயை உடைத்துப் புளிக்கவைத்தாலும் காயவைக்க வெயில் இல்லை. கொட்டையின் ஈரம் ஏழெட்டு சதவீதத்துக்கு இறங்காவிட்டால் பூசணம் பிடிக்கும், வாங்குபவர் விலையைக் குறைப்பார் அல்லது வேண்டாம் என்பார். மண்சாலைகள் கரைந்து லாரியும் உள்ளே வரவில்லை.

அதற்குப் பின்னாலேயே வறட்சி. மழை விட்டதும் எல் நினோ (பசிபிக் கடல் சூடேறி உலக வானிலையையே புரட்டும் நிகழ்வு) ஆண்டின் வறட்சி, சகாராவிலிருந்து வீசும் ஹர்மட்டான் என்ற வறண்ட தூசிக்காற்று, 2024 பிப்ரவரியில் கடும் வெப்பம். கானாவில் 2020-21 பருவத்தில் பத்து லட்சம் டன்னைத் தாண்டியிருந்த உற்பத்தி 2023-24-ல் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. முழுப் பழியும் வானிலைக்கு இல்லை. நோயும் தங்கச் சுரங்கமும் கடத்தலும் அதில் பங்காளிகள். அவை கீழே வரும்.

எல் நினோ எப்பவும் வர்றதுதானே? இதைப் போய்ப் பருவநிலை மாற்றம்னு எப்படிச் சொல்றீங்க?

நல்ல சந்தேகம். எல் நினோ இயற்கையானது, முன்பும் வந்தது. ஒரு வறட்சியைக் காட்டி இதுதான் பருவநிலை மாற்றம் என்று யாராவது சொன்னால் நானும் நம்ப மாட்டேன். ஆனால் அந்த எல் நினோ எந்த அடித்தளத்தின் மேல் வந்து உட்காருகிறது என்பதைக் கணக்கிடலாம். 2024 பிப்ரவரி நடுவில் மேற்கு ஆப்பிரிக்காவின் தென்கடலோர நாடுகளைத் தாக்கிய ஈர வெப்பத்தை ‘வேர்ல்ட் வெதர் அட்ரிபியூஷன்’ குழு ஆராய்ந்தது. மனிதர்களால் வந்த வெப்பமயமாதல் அப்படிப்பட்ட வெப்ப அலையின் வாய்ப்பைப் பத்து மடங்கு கூட்டியிருக்கிறது என்பது அவர்கள் கண்டது.

‘கிளைமேட் சென்ட்ரல்’ என்ற அமைப்பு 2025-ல் வேறொரு கணக்குப் போட்டது. 32 பாகைக்கு மேல் போகும் நாட்களை எண்ணியது. முக்கிய அறுவடைக் காலமான அக்டோபர் முதல் மார்ச் வரை, ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும் கடந்த பத்தாண்டுகளில் ஆண்டுதோறும் சுமார் மூன்று வாரம் அத்தகைய நாட்கள் கூடுதலாகச் சேர்ந்திருக்கின்றன. மழையைப் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. மேற்கு ஆப்பிரிக்க மழை எந்தப் பக்கம் போகும் என்பதில் பருவநிலைக் கணினி மாதிரிகள் ஒத்துப்போவதில்லை. வெப்பத்தில் சந்தேகம் இல்லை. வெப்பம் மட்டுமே போதும் என்பதை மேலே பார்த்தோம்.

நோய்க்கு மருந்தடிச்சா முடிஞ்சுதே?

அழுகல் நோய்க்கு மருந்து உண்டு, பணமும் வெயிலும் இருந்தால். தண்டு வீக்க வைரஸுக்கு எதுவும் கிடையாது. மாவுப்பூச்சி பரப்பும் நோய் அது. தண்டு வீங்கி, இலை வெளிறி, சில ஆண்டுகளில் மரம் செத்துவிடும். நோய் கண்ட மரத்தையும் பக்கத்து மரங்களையும் பிடுங்குவதுதான் ஒரே வழி. வறட்சியில் வாடிய மரம் இதற்குச் சீக்கிரம் பலியாகிறது.

கானாவில் இந்த நோயை 1936-ல் கண்டார்கள். பிரிட்டிஷ் அரசு ஆள்வைத்து மரங்களை வெட்டித் தள்ளியது. பார்வைக்கு நன்றாகக் காய்த்துக்கொண்டிருக்கும் மரத்தை வெட்ட எந்த விவசாயி சம்மதிப்பார்? அந்த ஆத்திரம் 1948 கலவரங்களுக்குப் பின்னிருந்த காரணங்களில் ஒன்று. இன்றும் அதே இக்கட்டுதான். மரத்தைப் பிடுங்கிவிட்டுப் புதுக்கன்று நட்டால் காய்ப்புக்கு மூன்று நான்கு ஆண்டுகள். அதுவரை அடுப்பெரிய வேண்டுமே.

விலை மூணு மடங்கு ஏறுச்சே, விவசாயி இந்நேரம் பணக்காரர் ஆகியிருப்பாரே?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இந்த இரண்டு நாடுகளிலும் பண்ணை விலையை அரசுதான் நிர்ணயிக்கிறது. கானாவில் 1947 முதல் இருக்கும் கோக்கோ வாரியம், ஐவரி கோஸ்ட்டில் காபி-கோக்கோ மன்றம். அவை வரப்போகும் பயிரின் பெரும்பகுதியைக் கிட்டத்தட்ட ஓராண்டுக்கு முன்பே வெளிநாட்டு நிறுவனங்களுக்கு விற்றுவிடும். அந்தச் சராசரியை வைத்துப் பருவத் தொடக்கத்தில் விலை அறிவிப்பார்கள். உலக விலை திடீரென்று சரியும்போது இந்த ஏற்பாடு விவசாயியைக் காப்பாற்றும். ஏறும்போது அவருக்கு உடனே எதுவும் வராது. 2024-ல் நடந்தது இரண்டாவது.

எண்ணில் பார்க்கலாம். ஐவரி கோஸ்ட்டில் 2023-24 முக்கியப் பருவத்துக்குக் கிலோ 1,000 சி.எஃப்.ஏ. பிராங்க், நம் பணத்தில் சுமார் 140 ரூபாய். 2024 அக்டோபரில் அதை 1,800 பிராங்க் ஆக்கினார்கள், சுமார் 250 ரூபாய். அந்த டிசம்பரில் நியூயார்க் சந்தையில் டன் 12,000 டாலரைத் தாண்டியது. கிலோவுக்கு ஆயிரம் ரூபாய்! எல்லைக்கு அந்தப் பக்கம் கூடுதல் விலை கிடைக்கிறது என்று கானாவிலிருந்து மூட்டை மூட்டையாகக் கடத்தல் போனதில் வியப்பில்லை.

இன்னொன்று. விலை ஏறியதே விளைச்சல் விழுந்ததால்தான். மூன்று ஹெக்டேர், ஹெக்டேருக்கு 400 கிலோ என்று வைத்தால் 1,200 கிலோ. கிலோ 140 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 1,68,000 ரூபாய். இதில் உரம், மருந்து, கூலி, சாக்கு போக மீதிதான் ஏழெட்டுப் பேர் குடும்பத்துக்கு. விளைச்சல் பாதியானவருக்கு விலை 250 ஆனாலும் கையில் வருவது 1,50,000 தான். உயர்ந்த விலை, விற்கக் காய் இருந்தவருக்கு மட்டுமே உதவியது. 2025 அக்டோபரில் பண்ணை விலையை 2,800 பிராங்குக்கு உயர்த்தினார்கள். அதற்குள் உலக விலை உச்சத்திலிருந்து ஏறக்குறைய பாதிக்கு இறங்கிவிட்டது.

மகசூல் விழுந்தா அந்த வீட்டில முதல்ல எது நிக்கும்?

முதலில் நிற்பது உரமும் மருந்தும். அதனால் அடுத்த ஆண்டு மகசூலும் விழும். முக்கிய அறுவடைப் பணம் அக்டோபர் முதல் மார்ச் வரை வருகிறது. நடுப்பருவ அறுவடை சிறியது. அது பொய்த்தால் ஜூன் முதல் செப்டம்பர் வரை கையில் காசில்லாத மாதங்கள், வரப்போகும் கொட்டையை அடகு வைத்து வியாபாரியிடம் கடன். செப்டம்பரில் பள்ளி திறக்கும் நேரமும் அதுவே.

கூலிக்கு ஆள் வைக்க முடியாதபோது பிள்ளைகள் தோட்டத்துக்குப் போகிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தோடு இணைந்த ‘நார்க்’ நிறுவனம் 2020-ல் வெளியிட்ட ஆய்வின்படி இந்த இரண்டு நாடுகளிலும் கோக்கோ வேலையில் இருந்த குழந்தைத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 15.6 லட்சம். பெரும்பாலோர் சொந்தக் குடும்பத் தோட்டங்களில்.

நிலம் இல்லாதவர் நிலை இன்னும் மோசம். கானாவில் ‘அபுசா’ ஏற்பாட்டில் தோட்டத்தைப் பராமரிப்பவருக்கு விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு. ‘அபுனு’ என்றால் பாதி. காய் குறைந்தால் பங்கும் குறையும், வேலை குறையாது. பெண்கள் பலர் வேலையில் பாதிக்கு மேல் சுமந்தும் நிலமும் கொள்முதல் பதிவேடும் கணவர் பெயரில்தான் இருக்கும்.

சொட்டு நீர் போட்டா என்ன? பொள்ளாச்சியில போடுறாங்களே.

பொள்ளாச்சியில் தென்னைக்குப் போட்ட கிணறு, மோட்டார், குழாய் ஏற்கெனவே இருக்கிறது. கோக்கோ அதில் பங்கு கேட்கிறது, அவ்வளவே. மேற்கு ஆப்பிரிக்கக் கோக்கோ கிட்டத்தட்ட முழுக்க மானாவாரி. ஆழ்துளைக் கிணறு, பம்பு, மின்சாரம், குழாய் எல்லாம் புதிதாகப் போட வேண்டும். மேலே போட்ட வருமானக் கணக்கில் அதற்கு இடம் எங்கே? கானா வாரியம் பாசனத் திட்டங்களை முயன்று பார்த்திருக்கிறது, அவை எட்டிய பரப்பு மிகச் சிறிது. எக்குவடோரின் கடலோரப் பெரிய பண்ணைகள் பாசனத்தோடு நடத்துகின்றன. அந்த நாட்டு உற்பத்தி கூடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

நிழல் மரம் நட்டா எல்லாம் சரியாயிடும்னு சொல்றாங்களே?

பெரும்பாலும் சரிதான். நிழல் இருந்தால் இலையின் சூடு குறையும், காற்றில் ஈரம் நிற்கும், உதிர்ந்த இலை மண்ணை மூடும். மகரந்தம் சேர்க்கும் பூச்சிக்கும் அழுகும் இலைக்குப்பைதான் வீடு. வாழை, பழமரம் வைத்தால் சாப்பாட்டுக்கும் ஆகும்.

ஆனால் ‘எல்லாம் சரியாயிடும்’ என்பது விளம்பரம். 2015-16 வறட்சியின்போது கானாவின் வறண்ட ஓரப்பகுதியில் நடந்த ஓர் ஆய்வில், சில நிழல் மரங்களுக்கு அடியில் இருந்த கோக்கோவே வெட்டவெளிக் கோக்கோவை விட அதிகமாகச் செத்தது. அந்த மரங்களின் வேர் கோக்கோ வேர் இருக்கும் அதே ஆழத்தில் தண்ணீருக்குப் போட்டியிட்டது. அழுகல் நோய்க்கும் அடர்ந்த நிழல் பிடிக்கும். ஆக, எந்த மரம், எவ்வளவு இடைவெளி, எந்த ஊர் என்பதைப் பொறுத்தது. ‘ஹெக்டேருக்கு இத்தனை கன்று கொடுத்தோம்’ என்று கம்பெனி அறிக்கையில் படம் போடுகிறவர்கள், அதில் எத்தனை மூன்றாம் ஆண்டில் உயிரோடு நின்றன என்று சொல்வதே இல்லை.

நிழல் அவ்வளவு நல்லதுன்னா விவசாயி ஏன் மரத்தை வெட்டுறார்?

இரண்டு காரணம். ஒன்று, அதிக மகசூல் ஒட்டுரகங்கள் வந்தபோது வெட்டவெளியில் வளர்த்தால் நிறையக் காய்க்கும் என்று சொல்லிக்கொடுத்ததே வேளாண்துறையினர்தான். காய்க்கவும் செய்தது, இருபது ஆண்டுகளுக்கு.

இரண்டாவது சட்டம். கானாவில் தானாக முளைத்த மதிப்புள்ள தடிமரம் அரசுக்குச் சொந்தம், நிலம் யாருடையதாக இருந்தாலும். விவசாயி அதை நாற்பது ஆண்டு காப்பாற்றினாலும், உரிமம் வாங்கிய மரக் கம்பெனி வந்து வெட்டிக்கொண்டு போகலாம். மரம் சாயும்போது நசுங்குவது கோக்கோ. அதனால் விவரம் தெரிந்த விவசாயி முளையிலேயே கிள்ளிவிடுகிறார். நாமும் அதைத்தான் செய்வோம். ஐவரி கோஸ்ட் 2014-ல் வனச்சட்டத்தைத் திருத்தி, மரம் நில உரிமையாளருக்கே என்றது. ஆனால் பட்டா வைத்திருப்பவர்கள் அங்கே மிகக் குறைவு.

சூடு ஏறினா மலைப்பக்கம் நகர்ந்துடலாமே?

2013-ல் வெளியான ஓர் ஆய்வு இதையே பார்த்தது. 2050-க்குள் சுமார் இரண்டு பாகை ஏறினால், கோக்கோவுக்கு உகந்த உயரம் கடல்மட்டத்திலிருந்து 100-250 மீட்டர் என்பது 450-500 மீட்டராகும். ஆராய்ந்த 294 இடங்களில் கிட்டத்தட்ட 90 சதவீதத்தில் கோக்கோவுக்கான பொருத்தம் குறையும், 10 சதவீதத்தில் கூடும். குறையும் என்றால் கோக்கோ அழிந்துவிடும் என்று பொருள் இல்லை. செலவும் பராமரிப்பும் கூடும்.

மேட்டு நிலம் அந்த நாடுகளில் அதிகம் இல்லை. இருப்பதில் நல்ல பகுதி காப்புக்காடு. முப்பது ஆண்டு நிற்கவேண்டிய மரத்தை நடுபவருக்கு, 2050-ம் ஆண்டு தூரத்தில் இல்லை. இன்று நடும் கன்று அன்றும் அங்கேயே நிற்கும்.

காட்டை அழிச்சதே அவங்கதானே? இப்ப ஏன் பாவம் பார்க்கணும்?

ஐவரி கோஸ்ட் 1960 முதல் தன் காட்டில் எண்பது சதவீதத்துக்கும் மேல் இழந்துவிட்டது. கோக்கோ அதில் பெரிய காரணம், மறுக்க முடியாது. ஆனால் முதல் குடியரசுத் தலைவர் உஃபுவே-புவாஞியின் அரசு, ‘உழைத்துப் பண்படுத்தியவருக்கே நிலம்’ என்று சொல்லி புர்க்கினா ஃபாசோவிலிருந்தும் மாலியிலிருந்தும் ஆட்களை வரவேற்றது. பிறகு 1998 நிலச்சட்டம் குடிமக்கள் அல்லாதவர்களுக்கு நில உரிமை இல்லை என்றது. காட்டை அழித்ததால் உள்ளூர் மழையும் ஈரமும் குறைந்ததும் உண்மை. அதன் விலையை அடுத்த தலைமுறை கொடுக்கிறது.

இப்போது ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டம் போட்டிருக்கிறது. 2020 டிசம்பர் 31-க்குப் பின் அழித்த காட்டில் விளைந்த கோக்கோ உள்ளே வரக்கூடாது, ஒவ்வொரு தோட்டத்தின் இருப்பிடமும் காட்டப்பட வேண்டும். நடைமுறைக்கு வரும் தேதியைத் திரும்பத் திரும்பத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். நோக்கம் நியாயமானது. ஆனால் தோட்டத்தை அளந்து பதிவு செய்யும் செலவை யார் ஏற்பது என்பதில்தான் சண்டை. கூட்டுறவில் சேராத விவசாயி வெளியே தள்ளப்படுவார் என்பது என் கவலை.

கோக்கோ வேணாம்னு வேற பயிருக்குப் போயிட்டா?

போகிறார்கள். ஐவரி கோஸ்ட்டில் ரப்பர், வடக்கே முந்திரி. ரப்பரில் மாதாமாதம் காசு வருவதால் அதற்கு மவுசு. கானாவில் வேறொரு பயிர் இருக்கிறது, தங்கம். ‘கலாம்சே’ என்று அவர்கள் சொல்லும் திருட்டுச் சுரங்கக்காரர்கள் தோட்டத்துக்கு மொத்தமாக ஒரு தொகை தருகிறார்கள். நோய் பிடித்த மரங்களோடு உட்கார்ந்திருப்பவருக்கு அது பல ஆண்டு வருமானம். பிறகு அங்கே குழியும் பாதரசம் கலந்த சேறும்தான். பேராசை என்று திட்டுவது சுலபம். மழையை நம்ப முடியாத ஊரில் மொத்தத் தொகை மிகவும் கவர்ச்சியானது.

இதெல்லாம் பொள்ளாச்சி விவசாயிக்கு லாபம்தானே?

2024-ல் லாபம்தான். கேரளத்திலும் இங்கும் உலர் கொட்டை கிலோ ஆயிரம் ரூபாய் வரை போனது. இங்கே அரசு நிர்ணயம் இல்லாததால் உலக விலை அப்படியே வந்தது. இறங்கும்போதும் அப்படியே வந்தது. விலையைப் பார்த்து அப்போது கன்று வைத்தவர்கள், காய்ப்பு வரும் ஆண்டின் விலையை வைத்துக் கணக்குப் போடட்டும். இங்கும் மார்ச்-ஏப்ரல் வெப்பத்தில் பிஞ்சு கருகுவது உண்டு. தென்னை நிழலும் தண்ணீரும் இருப்பதால் தாக்கம் குறைவு. தென்னைக்கு வேர்வாடலும் வெள்ளை ஈயும் வந்து மட்டை குறைந்த தோப்புகளில் கோக்கோவும் வெயிலில் நிற்கிறது, அதைக் கவனியுங்கள்.

நான் வாங்குற சாக்லேட்டால ஏதாவது மாறுமா?

ஒரு பாரால் மாறாது. சான்றிதழ் முத்திரைகள் கொஞ்சம் உதவும், ஆனால் முத்திரை வாங்கிய கூட்டுறவுகள்கூடத் தங்கள் கொட்டை முழுவதையும் அந்தக் கூடுதல் விலைக்கு விற்க முடிவதில்லை. கானாவும் ஐவரி கோஸ்ட்டும் சேர்ந்து 2020-21 முதல் விவசாயி வாழப் போதுமான வருமானம் பெற, டன்னுக்கு 400 டாலர் கூடுதலாகக் கேட்டன. சில பெரிய வாங்குநர்கள் வேறு வகையில் விலையைக் குறைத்து அதை நீர்த்துப்போகச் செய்தார்கள் என்று இரு நாடுகளும் வெளிப்படையாகவே குறை சொல்லின.

நீங்களே சாக்லேட் செய்து விற்பவர் என்றால் உங்களுக்கு வழி அதிகம். தோட்டக்காரரிடம் நேரடியாக வாங்குங்கள், ஓராண்டுக்கு இல்லாமல் மூன்றாண்டுக்கு அளவும் குறைந்தபட்ச விலையும் பேசுங்கள், முன்பணம் கொடுங்கள். விலை விழுந்த ஆண்டிலும் பேசிய விலையைக் கொடுங்கள். பொள்ளாச்சியிலோ இடுக்கியிலோ இதை உடனே தொடங்கலாம். மற்ற எல்லோருக்கும், பெட்டியின் மேல் ‘நீடித்த கோக்கோ’ என்று எழுதியிருந்தால், விவசாயிக்குக் கிலோவுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று அந்தக் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்.